அன்று காலை செல்வராசு தண்ணியில்தான் இருந்தார்

பம்ப் செக்ஷன் மூர்த்தியின் போன் வந்தபோது பெரம்பலூரில் ஒரு ஹோட்டலில் தோசைக்குக் காத்திருந்தேன். சொல்லிப் பதினைந்து நிமிடம் ஆகியும் வரவில்லை. அந்த எரிச்சலோடுதான் போனை எடுத்தேன்.

"சார், செல்வராசு அண்ணன் தவறிட்டாருங்க."

"எப்ப?"

"காலைல. குளிச்சிட்டு வந்து சேர்ல உக்காந்தாராம். நெஞ்ச அடைக்குதுன்னு சொல்லியிருக்காரு. வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

பிறகு மூர்த்தி, சொல்ல வேண்டாம் என்று நினைத்ததைச் சொல்கிறவர் குரலில் சொன்னார்: "இங்க ஒரு மாதிரி பேசிக்கிறாங்க சார். தண்ணிதான் ஆளக் கொண்டுபோயிருச்சுன்னு."

தோசை வந்தது. தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தவன் நான்.

செல்வராசுவைத் தெரிந்தவர்களுக்காகப் பம்ப் செக்ஷன் ஆட்கள் சின்னதாக ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். "நாலு வரி நல்லதா எழுதிக் குடுங்க சார்" என்று மூர்த்தி என்னிடமும் கேட்டார். எனக்கு நாலு வரியில் முடியாது. நல்லதாகவும் வராது. அவரைப் பற்றி நல்லது சொல்ல உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் சொல்ல வேண்டியது வேறு. அதை என்னைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: அரியலூர் பக்கம் நீங்கள் வேலை பார்க்கும் அதே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மூன்று வருடம் ஷிப்ட் இன்ஜினியராக இருந்தேன். மெக்கானிக்கல் படித்தவன். பொறுமை கிடையாது. ஒருவர் இரண்டாவது வாக்கியத்தைத் தொடங்கும்போதே முதல் வாக்கியத்துக்குப் பதில் சொல்லிவிடுகிற ஆள். செல்வராசு அங்கே கான்ட்ராக்டில் பம்ப் ஆபரேட்டர். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். கல்லங்குறிச்சிப் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வருவார். சுரங்கத்தின் அடியில் மழைநீரும் ஊற்றுநீரும் வந்து சேரும் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. அதை நாம் சம்ப் என்போம். அதில் தேங்குவதை வெளியே இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கல் எடுக்க முடியும். அந்தப் பம்புகள் அவர் பொறுப்பு.

வேலையில் சேர்ந்த முதல் நாள் சம்ப்பைப் பார்க்க இறங்கியபோது அவர் சொன்னது இது: "ஊர்ல எல்லாரும் மோட்டார் போட்டுத் தண்ணிய வா வான்னு கூப்புடுறான். நாம மோட்டார் போட்டுத் தண்ணியப் போ போன்னு வெரட்டுறோம். அவ்ளோதான் சார் நம்ம வேல." நான் பம்பின் ஹெட் எவ்வளவு, டிஸ்சார்ஜ் எவ்வளவு, அதாவது எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்று கேட்டேன். இரண்டுக்கும் சரியாகப் பதில் சொன்னார். சொல்லிவிட்டு, "சார் சிரிக்க மாட்டீங்களோ?" என்றார்.

தண்ணி என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு ஷிப்ட் முழுக்க அவரால் பேச முடியும். பேரிங் சப்ளையர் இழுத்தடித்தால், "நமக்கே தண்ணி காட்டுறான் பாருங்க சார், நம்மகிட்ட இல்லாத தண்ணியா?" என்பார். ஸ்டார்ட்டர் பேனலைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றும் எலக்ட்ரீஷியனைக் காட்டி, "அவனுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு" என்பார். யாராவது சம்பளத்தைக் கண்டபடி செலவழித்தால், "தண்ணியா விட்டுட்டான்". எனக்கு இதெல்லாம் நேரத்தை வீணாக்குவதாகப் பட்டது. ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று பழகியவன் நான். டிராயிங்கில் ஒரே நம்பரை இரண்டு போல்ட்டுக்குப் போட்டால் மெஷின் ஒன்று சேராது.

வாக்கி டாக்கி விவகாரம் உங்களில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும். லாரிப் பாதையில் புழுதி கண்ணை மறைத்தது. அதை அடக்கத் தண்ணீர் தெளிக்கும் லாரி வரவேயில்லை. நான் வாக்கி டாக்கியை எடுத்து, "தண்ணி வண்டி எங்கே?" என்று கேட்டேன்.

"கேண்டீன் பின்னாடி படுத்திருக்கான் சார்" என்று ஒரு குரல்.

"வண்டி எப்படிய்யா படுக்கும்? பஞ்சரா?"

"பஞ்சர்லாம் இல்ல சார். லேசா மட்டை."

டம்பர் லாரி டிரைவர் ஒருவருக்கு அந்தப் பெயரைப் பட்டமாக வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. சுரங்கம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு செல்வராசுவின் குரல் வந்தது: "யப்பா, சார் கேக்குறது ஆறு சக்கரத் தண்ணி வண்டி. நீ ரெண்டு கால் தண்ணி வண்டியக் காட்டிக் குடுத்துட்டியே."

டிரைவரை மெயின் கேட்டுக்குக் கூட்டிப்போய், குடித்ததைக் காட்டும் மெஷினில் ஊத வைத்து மெமோ கொடுத்தேன். அது சரியான மெமோ. ஆனால் அதோடு விடவில்லை. மறுநாளே ஒரு தாள் டைப் அடித்துப் பம்ப் ஷெட்டில் ஒட்டினேன். சாலைக்குத் தெளிப்பு நீர், பள்ளத்தில் குழி நீர், குடிக்கக் குடிநீர். வாக்கி டாக்கியில் இனி இந்தச் சொற்கள் மட்டும். செல்வராசு அதை நிதானமாகப் படித்தார். "சார், பைப்பு ஒடைஞ்சு ஷெட்டுக்குள்ள வந்தா அது என்ன நீரு?" என்று கேட்டார். ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சார், குடிநீர் அருந்துறீங்களா?" என்று பாட்டிலை நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தச் சொல்லுக்கு எத்தனை முகம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து, தாள் போட்டு ஒட்டியவன் நான்.

இன்னொரு நாள் லீவு கேட்டு வந்தார். "பொண்ணுக்குத் தண்ணி ஊத்தணும் சார். மூணு நாள் வேணும்." அம்மை இறங்கித் தலைக்கு ஊற்றுகிறார்கள் என்று நினைத்தேன். "பத்து நாள் வராதீங்க. மத்தவங்களுக்கும் ஒட்டிக்கும்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். "ஒட்டிக்காது சார். பெரியவளாயிட்டா. மஞ்சத்தண்ணி ஊத்துறோம். நீங்களும் வாங்க." நான் பெரம்பலூரில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டிலும் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவர் முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. சாப்பாட்டுக்குப் போனேன். அவர் மனைவி மலர்க்கொடியிடம், "இவருதான் எங்க சார். ரொம்ப ஸ்பீடு" என்று அறிமுகம் செய்தார்.

அவர் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். இதை நான் மறைக்கப் போவதில்லை, அவரே மறைத்ததில்லை. ஒருநாள் அவரே சொன்னார். "தண்ணில வேல பாக்குறவன் தண்ணி போட்டா, தண்ணி ஆளப் போட்டுரும் சார். ரெண்டுல ஒண்ணுதான் வச்சிக்க முடியும்." கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலில் மனைவியின் கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு நிறுத்தினாராம். அப்போது நிறுத்தி நாலு வருடம் ஆகியிருந்தது. "இப்ப வூட்ல சண்ட கெடையாது சார். சண்ட இல்லாத வூடு எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோயிருந்துச்சு" என்றார்.

இனி அந்த நாள்.

ஐப்பசி மழை. இரண்டு நாள் விடாமல் பெய்து சம்ப் ஏறிக்கொண்டிருந்தது. பம்ப் ஓடியது, தண்ணீர் வெளியே வரவில்லை. உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் வால்வில் ஏதோ அடைத்திருந்தது. கீழ்த்தட்டில் நின்ற கல் அள்ளும் எக்ஸ்கவேட்டரின் செயின் பட்டையைத் தண்ணீர் தொட்டுவிட்டது. மேலதிகாரிகளிடமிருந்து எனக்குப் போன் மேல் போன். நான் கீழே செல்வராசுவுக்குப் போன் செய்து கத்தினேன். "என்ன செய்வீங்களோ தெரியாது. ஒன்பது மணிக்குள்ள தண்ணி வெளிய வரணும்." பிறகு மூன்று தடவை அழைத்தேன். எடுக்கவில்லை. அவரோடு இருந்த மூர்த்தியை அழைத்தேன்.

"செல்வராசு எங்கே? போனை எடுக்க மாட்டேங்கிறார்."

"அண்ணன் தண்ணில இருக்காரு சார்."

"காலைலயேவா?"

"ஏழு மணிக்கே எறங்கிட்டாரு சார்."

"நிறையவா?"

"கழுத்து வரைக்கும் சார்."

"நிக்க முடியுதா?"

"நாங்க ரெண்டு பேரு புடிச்சிட்டுத்தான் இருக்கோம். விட்டா போயிருவாரு."

போனை வைத்தேன். நான் கேட்டது நாலு கேள்வி. நாலுக்கும் மூர்த்தி சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. செல்வராசு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, கழுத்தளவு சேற்றுத் தண்ணீரில் நின்று, காலாலும் கையாலும் வால்வைத் தேடிக்கொண்டிருந்தார். கயிற்றின் மறுமுனையை மூர்த்தியும் இன்னொருவரும் பிடித்திருந்தார்கள். என் காதில் விழுந்தது வேறு. ஒரு காலத்தில் குடித்தவர், வேலை சொன்னால் கேலி பேசுகிறவர், இப்போது கழுத்து வரைக்கும். எனக்குக் கணக்குச் சரியாக வந்தது.

என் ஆபீசிலிருந்து சம்ப்புக்கு ஜீப்பில் நாலு நிமிடம். மழை பெய்தது. நான் போகவில்லை. பணி நேரத்தில் குடித்திருந்தார் என்று ரிஜிஸ்டரில் எழுதினேன். அதையே மெமோவாகக் கான்ட்ராக்டருக்கு மெயிலில் அனுப்பினேன். எழுதி முடிக்க நாலு நிமிடம்கூட ஆகவில்லை.

எட்டே முக்காலுக்குத் தண்ணீர் வெளியே வரத் தொடங்கியது. யார் சரிசெய்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு அவர் ஆபீசுக்கு வந்தார். கண் இரண்டும் செக்கச்சிவந்திருந்தது. மழையில் எல்லோருமே நனைந்திருந்ததால் அவர் ஈரம் எனக்குத் தனியாகத் தெரியவில்லை. உடம்பு நடுங்கியது. குளிரில் நாக்கு குழறியது. பின்னால் வாசலில் மூர்த்தி நின்றார்.

"இதுவாய்யா நேரம்?" என்றேன்.

"நேரம் பாத்தா முடியுமா சார்? எறங்கித்தானே ஆவணும்." சிரித்தார். நல்ல வேலை செய்துவிட்டு வந்தவரின் சிரிப்பு. எனக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

"குடிச்சிட்டு டூட்டிக்கு வந்தா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"யாரு சார் குடிச்சா?"

"நீங்கதான்."

"நானா? ஊதிக் காட்டறேன் சார். கேட்டுல மெஷின் இருக்குல்ல, வாங்க போவோம்."

"வேண்டாம். பாத்தாலே தெரியுது."

"சார், நான் தண்ணில..."

"அதைத்தான் மூர்த்தியும் சொன்னார்."

அவர் திரும்பி மூர்த்தியைப் பார்த்தார். மூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். செல்வராசுவின் முகத்தில் ஒரு நொடி சிரிப்பு வரப் பார்த்தது. வந்த வழியே போய்விட்டது. அவருக்கு அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை. மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனார். அவர் பேசாததையும் மூர்த்தி குனிந்ததையும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

ஏன் பேசவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல், மிதவைச் சட்டை இல்லாமல் சம்ப்பில் ஆள் இறங்கக் கூடாது. இறங்கியது தெரிந்தால் இறங்கியவருக்கும், கயிறு பிடித்த இரண்டு பேருக்கும் அன்றே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார்கள். எந்தத் தண்ணியில் இருந்தேன் என்று சொன்னால் அவர் பெயர் தப்பும், மூர்த்தியின் வேலை போகும். கான்ட்ராக்டர் ஆபீசில் விசாரித்தபோதும் அவர் சம்ப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. "நான் குடிச்சு நாலு வருஷமாச்சு சார்" என்று மட்டும் சொன்னார். "அப்ப குடிக்கிற ஆளுதான்" என்று சொல்லி எழுதிக்கொண்டார்கள்.

பம்பிலிருந்து அவரைத் தூக்கி, மண் கொட்டும் மேட்டில் டம்பர்களுக்கு விசில் ஊதும் வேலைக்குப் போட்டார்கள். அங்கே மரம் கிடையாது, குழாய் கிடையாது. எச்சரிக்கைக் கடிதத்தின் நகல் ஒன்று ரிஜிஸ்டர் தபாலில் அவர் வீட்டுக்கும் போனது. கையெழுத்துப் போட்டு வாங்கியவர் மலர்க்கொடி.

இருபது நாள் கழித்து மறுபடி அதே வால்வு அடைத்தது. புதிதாக வந்த ஆபரேட்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "அன்னிக்கு அண்ணன் எறங்கி எடுத்த மாதிரி இவன் எறங்க மாட்டான் சார்" என்றார் மூர்த்தி. வாய் தவறி வந்துவிட்டது.

"என்னிக்கு?"

அவர் பேச்சை மாற்றப் பார்த்தார். நான் விடவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, "எங்க வேலைக்கு எதுவும் வராம பாத்துக்கங்க சார்" என்றார். அன்று போனில் பேசியது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தண்ணில இருக்காரு. காலைலயேவா. கழுத்து வரைக்கும்.

மேட்டுக்குப் போனேன். செல்வராசு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார். நான் பேசத் தொடங்குமுன் அவரே சொன்னார்: "வாங்க சார். தண்ணியில்லாத காட்டுக்கு மாத்துறதெல்லாம் பெரிய ஆபீசருங்களுக்குத்தான்னு நெனச்சிருந்தேன். எனக்கும் குடுத்துட்டீங்க."

மன்னிப்புக் கேட்டேன். அண்ணே என்று அன்றுதான் முதல் தடவையாகக் கூப்பிட்டேன். அவர் ரொம்ப நேரம் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேல எங்க இருந்தா என்ன சார். வூட்லதான் கஷ்டமா இருக்கு. வாசப்படி தாண்டறதுக்கு முன்ன ஊதிக் காட்டணும். கேட்டுல இருக்குற மெஷின்னா ஒரு தடவ ஊதுனா போதும். இவ நம்ப மாட்டேங்கிறா. எனக்குத் தண்ணி தெளிச்சு விட்டாச்சுன்னு அவ தம்பிகிட்டயே சொல்றா." விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சொன்னார்: "நீங்க சாரி சொன்னது எனக்கு. எனக்குத்தான் நடந்தது தெரியுமே. தாள்ல மாத்தி எழுதிக் குடுங்க சார். அவகிட்டக் காட்டணும்."

"எழுதிடறேன்" என்றேன்.

அன்று மாலை லேப்டாப்பில் எழுதத் தொடங்கவும் செய்தேன். எழுதும்போதுதான் உறைத்தது. நடந்ததை எழுதினால், ஒன்பது மணிக்குள் தண்ணீர் வர வேண்டும் என்று நான் கத்தியதால் ஒரு ஆள் அனுமதியில்லாமல் சம்ப்பில் இறங்கினார் என்றும் எழுத வேண்டும். போய்ப் பார்க்காமல் மெமோ கொடுத்தேன் என்றும் எழுத வேண்டும். என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அடுத்த மாதம் வரவிருந்தது. மூர்த்தியின் வேலைக்கு ஆபத்து வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. ஒரு வரி போதும், குடித்திருக்கவில்லை, விசாரிக்காமல் எழுதிவிட்டேன் என்று. அதில் மூர்த்தி வரவே மாட்டார். நான் மட்டும்தான் வருவேன். அதனால்தான் எழுதவில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஒருமுறை கேட்டார். "ஞாபகம் இருக்கு அண்ணே, எழுதிடறேன்." எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. அப்போதும் எழுதவில்லை. மறு வருடம் பெரம்பலூரிலேயே வேறு வேலை கிடைத்து விடைபெறும் நாளில், கேண்டீனில் எல்லோரும் போன பிறகு வந்தார். "போற எடத்துல நல்லா இருங்க சார். அந்தத் தாளு..." என்று இழுத்தார். "நாளைக்கே அனுப்பிடறேன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. என்னிடம் நம்பர் இருந்தது. அவரிடமும் இருந்தது. இரண்டு மழைக்காலம் போனது.

சாவுக்கு நான் போகவில்லை. தைரியம் வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு மூர்த்தியோடு போனேன். பந்தலில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே மலர்க்கொடி என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க சார். உக்காருங்க. டீ குடிக்கிறீங்களா?"

வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே சொல்லத் தொடங்கினேன். இந்த முறை வேகமாகச் சொல்ல முடியவில்லை. போன், மழை, கயிறு, கழுத்து வரைக்கும். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு மூர்த்தியைப் பார்த்துக் கேட்டார்: "கழுத்து வரைக்குமா? அவருக்கு நீச்சல் தெரியாதே."

எனக்கு அது தெரியாது. சம்ப்பில் பம்ப் ஓட்டுகிறவருக்கு நீச்சல் தெரியுமா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

"தெரியாதுங்க்கா" என்றார் மூர்த்தி. "அதான் விடாமப் புடிச்சிருந்தோம்."

மலர்க்கொடி தரையைப் பார்த்தபடி பேசினார். "எங்கிட்ட சொன்னாருங்க. பத்து தடவ சொல்லியிருப்பாரு. தண்ணில நின்னேன்டி, தண்ணி போடலன்னு. படிச்ச இன்ஜினியரு பொய் எழுதுவாரான்னு நாந்தான் கேட்டேன். தெனமும் வாசல்ல நிறுத்தி ஊதச் சொல்லுவேன். ஊதுவாரு. ஒரு நாள்கூட ஒரு வாடையும் வந்ததில்ல. வரலன்னு எனக்கே தெரியும். ஆனா அந்தத் தாளு பீரோல இருக்கே. மறுநாளும் ஊதச் சொல்லுவேன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எடுத்தார். "போற அன்னிக்கு மொத நாளும் ஊதிட்டுத்தான் உள்ள வந்தாரு."



"இப்ப எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார்.

அவர் மகள் தன் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தந்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். தரையில் உட்கார்ந்து எழுதினேன். முதல் வரியைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினேன்: "அன்று காலை திரு. செல்வராசு தண்ணியில் இருந்தார்..."

"சார், சார்" என்று மூர்த்தி கையைப் பிடித்தார். "அப்படி எழுதாதீங்க. மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிச்சிருவாங்க."

மலர்க்கொடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "அவரு இருந்தா இதுக்கே ஒரு வாரம் பேசியிருப்பாரு" என்றார். அப்படிச் சொன்ன பிறகுதான் அழுதார்.

அடித்துவிட்டுத் திருப்பி எழுதினேன். சுரங்கத்தின் அடிப்பள்ளத்தில் கழுத்தளவு மழைநீரில் நின்று அவர் பம்பைச் சரிசெய்தார் என்று எழுதினேன். இறங்க வைத்தது என் அவசரம் என்று எழுதினேன். அவர் குடித்திருக்கவில்லை; ஊதிக் காட்டுகிறேன் என்று அவரே கேட்டும் நான் மறுத்தேன்; நேரில் போய்ப் பார்க்காமல் எழுதிய அந்த மெமோ தவறு. கயிறு பிடித்தவர்கள் பெயரை எழுதவில்லை. "என் பேரையும் போடுங்க சார், இனிமே என்ன" என்றார் மூர்த்தி. செல்வராசு எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தாரோ அதை நான் திறக்க விரும்பவில்லை. பிறகு மூர்த்தியே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, தன் பெயர் இருக்கட்டும் என்று சொன்னதால் இங்கே இருக்கிறது.

மலர்க்கொடி தாளை இரண்டு தடவை படித்தார். மடித்து வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். மகளிடம் நீட்டினார். "வெளிய உக்காந்திருக்காங்களே, அவங்களுக்குக் கேக்குற மாதிரிப் படி."

கம்பெனிக்கும் கான்ட்ராக்டருக்கும் அதையே அனுப்பினேன். சம்பந்தப்பட்டவர் தற்போது பணியில் இல்லாததால் மேல்நடவடிக்கை தேவையில்லை என்று ஒரு வரிப் பதில் வந்தது. மறுபடி எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை எழுதுவேன். அது வராமலே போகலாம். அதனால்தான் இந்த மலரில் நாலு வரிக்குப் பதில் இதையே போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். ரிஜிஸ்டரில் இருப்பதை நீங்கள் ஒருவரும் படித்ததில்லை. ஆனால் அதிலிருந்து கிளம்பிய பேச்சை எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். இனி யாராவது அப்படிப் பேசினால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

அவர் பேச்சையும் சிரிப்பையும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது அந்தப் பந்தல். அவர் மகள் வாசலில் நின்று, நான் எழுதியதை ஒரு சொல் விடாமல் படித்தாள். தவறு என்ற சொல்லோடு அது முடிந்தது. கீழே கையெழுத்து இருந்தது. அதையும் படிக்கலாமா என்பதுபோல என்னைப் பார்த்தாள். தலையசைத்தேன். என் பெயரை, இனிஷியலோடு, படிப்போடு, தெருவுக்கே கேட்கும்படிப் படித்தாள்.